பால்டர்ஸ் கேட் 3: விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினால்

2023 ஆகஸ்டில் லாரியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட இந்த கேமின் கதையையும் நடிப்பையும் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்தாயிற்று. இங்கே விதிகள் மட்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, சில இடங்களில் துணிந்து கை வைத்திருக்கிறார்கள். எல்லா மாற்றமும் ஒரே ரகமில்லை.

முதலில், பலர் கவனிக்காத ஒன்று. சண்டையில் யார் முந்துவது என்பதற்கு மேசையில் 20 பக்கப் பகடை. இங்கே 4 பக்கப் பகடை. சின்ன விஷயம்போலத் தெரியும். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18 உள்ளவருக்குப் பகடை எண்ணோடு +4, 10 உள்ளவருக்குக் கூடுதல் எதுவுமில்லை. மேசையில் முன்னவர் முந்தும் வாய்ப்பு 100க்கு 66தான். இங்கே அவருக்குக் குறைந்தபட்சமே 5, மற்றவருக்கு அதிகபட்சமே 4. பகடையை உருட்டுவதே வெறும் சடங்கு. இதற்கு +5 தரும் அலர்ட் என்ற ஃபீட் (தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) மேசையில் நல்ல ஃபீட். இங்கே கிட்டத்தட்ட கட்டாயம்.

அடுத்தது ஹேஸ்ட், ஒருவரை வேகப்படுத்தி ஒரு சுற்றில் கூடுதலாக ஓர் ஆக்‌ஷன் (செயல்) தரும் மந்திரம். மேசையில் அது தரும் கூடுதல் ஆக்‌ஷனில் ஒரே ஓர் ஆயுதத் தாக்குதல்தான், மந்திரம் கூடாது. கேமில் முழு ஆக்‌ஷனே கிடைக்கிறது. ஓர் ஆக்‌ஷனில் மூன்று முறை தாக்கும் 11ஆம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) ஹேஸ்ட்டும் ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரு முறை இன்னோர் ஆக்‌ஷன் தரும் திறன்) சேர்த்தால் மேசையில் 7 தாக்குதல், இங்கே 9. மந்திரவாதி ஒரே சுற்றில் இரண்டு ஃபயர்பால் வீசலாம். போதாக்குறைக்கு, அதே பலன் தரும் ஸ்பீடு போஷன் குடித்தால், மந்திரம் கலையாமல் பிடித்துவைக்கும் கான்சன்ட்ரேஷன்கூடத் தேவையில்லை. மந்திரம் எழுதிய ஸ்க்ரோலை எந்த கிளாஸும் (பாத்திர வகை) படிக்கலாம் என்பதால் மந்திரவாதியின் தனித்தன்மையும் கரைகிறது. இந்த எண்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. ஒன்றை உருவினால் கடைசி சண்டைகள் இரண்டு சுற்றில் முடிந்துபோகும். 2023 நவம்பர் இறுதியில் வந்த, ஒரே சேவ் மட்டும் தரும் கடினமான ஹானர் மோடில் ஹேஸ்ட்டின் கூடுதல் ஆக்‌ஷனை ஒரே அடிக்குக் குறைத்தது, தவறை ஒப்புக்கொண்டதுபோலத்தான். மந்திரத்தை அங்கும் தடுக்கவில்லை.

ஆனால் மேசையில் ஆட்டத்தை நடத்தும் டிஎம் என்ற மனிதர் இங்கே இல்லாததால் செய்த மாற்றங்களைக் குறை சொல்ல முடியாது. மேசையில் ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வு ஒரு மணி நேரம். அதற்குள் யாராவது வருவார்களா என்பதை டிஎம் முடிவுசெய்வார். கம்ப்யூட்டருக்கு அந்த நிதானம் கிடையாது. அதனால் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (முழு ஓய்வு) இரண்டு ஷார்ட் ரெஸ்ட், ஒவ்வொன்றிலும் பாதி ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) என்று எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். லாங் ரெஸ்ட்டுக்கு 40 அளவு உணவு, டேக்டிஷியன் என்ற கடினமான நிலையில் 80. யோசனை சரி, பீப்பாய்க்குப் பீப்பாய் சாப்பாடு கிடப்பதால் 40 உறைப்பதே இல்லை. எதிரியைத் தள்ளிவிடுவதை, முக்கிய ஆக்‌ஷனைச் செலவழிக்காத போனஸ் ஆக்‌ஷனாக்கியதும் விதிப்படி தப்பு, ஆட்டத்துக்கு நல்லது. மேசையில் ஐந்தடி தூரம் நகர்த்த ஒரு தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டும், யாரும் செய்வதில்லை. இங்கே பாறை விளிம்பில் எங்கே நிற்கிறோம் என்று ஒவ்வொரு சுற்றும் யோசிக்க வைக்கிறது.

திறன் சோதனையில் 1 விழுந்தால் கட்டாயத் தோல்வி என்பதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. மேசையில் அந்த விதி தாக்குதலுக்குத்தான். +11 உள்ள திருடர் 10 இலக்குள்ள பூட்டைத் திறக்க இருபதில் ஒரு தடவை தோற்பாராம்.

விதி சுத்தமாக வேண்டும் என்பவர்களுக்கு 2021இல் வந்த சொலாஸ்டா என்ற கேம் இருக்கிறது. எதிரி வரட்டும் என்று அடியைத் தயாராக வைத்திருக்கும் ரெடி, தற்காப்புக்கான டாட்ஜ் இரண்டும் அதில் உண்டு. பால்டர்ஸ் கேட் 3இல் ரெடி கிடையாது, டாட்ஜ் எல்லோருக்கும் கிடையாது. இருட்டில் டார்ச் ஏந்துவதா, கேடயம் பிடிப்பதா என்பதே சொலாஸ்டாவில் உண்மையான சிக்கல். கதையும் குரல்களும் சுமார்தான்.

பால்டர்ஸ் கேட் 3ஐ மேசைக்கு நெருக்கமாக ஆட விரும்பினால், கஸ்டம் மோடில் ஹானர் விதிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே சேவ் என்ற கெடுபிடியை விட்டுவிடலாம். ஆப்ஷன்ஸில் கார்மிக் டைஸை அணைத்துவிடுங்கள். தொடர் தோல்வியைத் தடுக்க வைத்தது எதிரிக்கும் உதவுவதால், கனத்த கவசம் போட்டவருக்கு நஷ்டம். ஸ்க்ரோலை அந்தந்த கிளாஸ் மட்டும் படிப்பது என்பதை நீங்களே கட்டுப்பாடாக வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு பட்டன் இல்லை. 4 பக்கப் பகடையை மாற்ற மாட் (ரசிகர்கள் செய்த மாற்றக் கோப்பு) போட்டால்தான் உண்டு.