மங்குக்கு க்ரீம், பீல், லேசர்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

இரு கன்னத்திலும் பழுப்பாகப் படரும் மங்கு, க்ரீம் மட்டும் தடவினால் பாதியில் நின்றுவிடும். லேசர் மட்டும் அடித்தால் சில மாதத்தில் திரும்பி வந்துவிடும். அதனால்தான் சேர்த்துச் செய்கிறார்கள். கெடுவது வரிசையில். நம் மாநிறத் தோலில் சூடோ எரிச்சலோ பட்டால் நிறமிச் செல்கள் இன்னும் மெலனினைச் சுரக்கும். எடுத்த எடுப்பிலேயே லேசருக்குப் போனவர்களில் சிலருக்குத் திட்டு முன்னைவிடக் கறுப்பது இதனால்தான்.

முதல் இரண்டு மாதம் சன்ஸ்கிரீனும் க்ரீமும் போதும். எஸ்பிஎஃப் 50 மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மங்கைக் கருக்குவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பெரும்பாலோர் பூசுவது இதில் பாதிகூட இல்லை.

இரவில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த க்ரீம், திட்டின் மேல் மட்டும் மெல்லிசாக. 8 முதல் 12 வாரம், அதுவும் டாக்டர் பார்வையில். மெடிக்கலில் தானாக வாங்கி வருடக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, முகத்தில் முடி முளைக்கும். ஹைட்ரோகுயினோனை விடாமல் தடவினால் ஓக்ரனோசிஸ் என்ற நீலச் சாம்பல் கருமை வரலாம். மங்கைவிட அது பிடிவாதம்.

க்ரீம் எரிச்சல் அடங்கிய பிறகே பீல், அதாவது அமிலம் தடவி மேல்தோலை உரிய வைப்பது. கிளைகோலிக் அமிலம் 20 அல்லது 35 சதவீதத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ட்ரெட்டினோயினை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அந்த வாரம் த்ரெடிங், வேக்ஸிங் கூடாது. மூக்கோரம், உதட்டு ஓரம் வாசலின் தடவி மறைப்பார்கள். சில நிமிடம் சுறுசுறுவென்று இருக்கும். அமிலத்தை முறிக்கும் சோடியம் பைகார்பனேட் தண்ணீர் பட்டதும் லேசாக நுரைத்து அடங்கும். நடுவில் எங்காவது வெள்ளை பூத்தால் நேரம் பார்க்காமல் அங்கே உடனே நிறுத்த வேண்டும். உரியும் தோலைப் பிய்த்தால் பிய்த்த இடம் கறுக்கும்.

லேசர் கடைசி. க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் என்ற வகை, 1064 நானோமீட்டர் அலைநீளம், குறைந்த சக்தியில். இங்கேதான் 'பத்து சிட்டிங் பேக்கேஜ்' தலைகாட்டும். முன்பணம் கட்டிவிட்டால் நிறுத்த மனசு வராது. அளவுக்கு மிஞ்சி அடித்தால் அரிசி அளவில் வெள்ளைப் புள்ளிகள் விழும், அவை லேசில் போகாது. முதல் புள்ளி தெரிந்ததுமே நிறுத்தச் சொல்லுங்கள்.

டிரானெக்சாமிக் அமில மாத்திரை, வழக்கமாக 250 மில்லிகிராம் தினம் இருவேளை, பலருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் ரத்தம் உறையும் தொல்லை இருந்தவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது. கேட்காமலே எழுதிக் கொடுத்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வெளுத்த பிறகும் சன்ஸ்கிரீனை விட முடியாது. இரவு க்ரீமுக்குப் பதில் அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதம் ஓடட்டும். கர்ப்ப காலத்திலும் பெரும்பாலும் இதை அனுமதிக்கிறார்கள். அடுத்த பீல் சித்திரையில் விழுந்தால் அக்னி நட்சத்திரம் கழியும்வரை தள்ளிப்போடலாம்.