பழைய கார்வெட்டில் ஸ்டீயரிங் ப்ளே: பெட்டியைக் கடைசியில் தொடுங்கள்

என்னிடம் இருப்பது 1974 மாடல் செவ்ரலே கார்வெட். 350 கன அங்குல வி8 இன்ஜின், பவர் ஸ்டீயரிங். மிச்சிகன் குளிரில் ரோடெல்லாம் உப்பு கொட்டுவார்கள் என்பதால் வசந்தம் வந்து மழையில் உப்பு கரைந்த பிறகுதான் வண்டி வெளியே வரும். வாங்கிய புதிதில் ஹைவேயில் 60 மைலைத் தாண்டினாலே இரண்டு கைக்கும் ஓயாத வேலை. ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் திருப்பினாலும் வண்டி கண்டுகொள்ளாது; இந்த வெற்று ஆட்டத்தைத்தான் ப்ளே என்பார்கள். அதற்கு மேல் துளி திருப்பினால் சட்டென்று ஒரு பக்கம் பாயும்.

"அந்தக் காலத்து கார்வெட் என்றால் அப்படித்தான்" என்று சொல்பவர்கள் நிறைய. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்போது அதே வண்டி அதே ரோட்டில் நேராகப் போகிறது. சரிசெய்ததில் ஸ்டீயரிங் பெட்டியின் (ஸ்டீயரிங் தண்டின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் கியர் பெட்டி) பங்கு மிகக் குறைவு.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1963 முதல் 1982 வரை கார்வெட்டில் அடிப்படையில் ஒரே ஏற்பாடுதான். பெட்டி சாதாரண மேனுவல் பெட்டி. உள்ளே குண்டுகள் சுழலும் வகை, ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு செய்தது. பவர் உதவி அந்தப் பெட்டிக்குள் இல்லை. பெட்டியிலிருந்து வரும் பிட்மன் ஆர்ம் என்ற கை ஒரு கன்ட்ரோல் வால்வைத் தள்ளும், வால்வு ஆயிலைத் திருப்பிவிடும், தனியாக ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் நடுத்தண்டான ரிலே ராடை இழுக்கும். அப்புறம் வலப்பக்கம் அந்த நடுத்தண்டைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், அதைச் சக்கரங்களோடு சேர்க்கும் இரண்டு டை ராட், அவற்றின் நான்கு முனைகள். ஆக, ப்ளே வர இடங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்துதான் அந்த இரண்டு அங்குலம்.

சோதிக்க துணைக்கு ஆள் ஒருவர் போதும். வண்டியின் பாரம் நான்கு சக்கரத்தின் மேலும் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கினால் பாரம் போய்விடும், பாதி ஆட்டம் தெரியாது. முன்சக்கரங்களை ராம்ப் மேல் ஏற்றி, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு முட்டு வைத்துவிட்டேன். என் மனைவி உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட (எத்தனை நேரம் என்ற கேள்வியோடுதான்), நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு பாகம் அசைந்து அடுத்த பாகம் அசையாத இடம்தான் குற்றவாளி. கண்ணைவிட விரலுக்கு இது சீக்கிரம் தெரியும். ஒரு எச்சரிக்கை: இன்ஜின் நின்றிருக்கும்போது வால்வுக்குள் ஆயிலின் வழியை மாற்றும் தண்டான ஸ்பூல் கொஞ்சம் நகரத்தான் செய்யும். அதைத் தேய்மானம் என்று எண்ணிவிட வேண்டாம். கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

என் வண்டியில் முதலில் பிடிபட்டது ராக் ஜாயின்ட். ஸ்டீயரிங் தண்டும் பெட்டியும் சேரும் இடத்தில் துணி வைத்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். எக்ஸாஸ்ட் சூட்டிலும் ஆயில் கசிவிலும் அது ஊறிப்போய் கொழகொழவென்று இருந்தது. விலை குறைந்த பாகம், மாற்றியதும் உடனே பலன் தெரிந்தது. ஐட்லர் ஆர்மும் வெளிப்பக்க டை ராட் முனைகளும் போயிருந்தன. முன்சக்கர பேரிங்கும் லூஸ். இவையெல்லாம் வழக்கமான வேலை, சொல்ல அதிகமில்லை.

பெரிய வில்லன் கன்ட்ரோல் வால்வு. பிட்மன் ஆர்ம் உள்ளே நுழையும் பால் ஸ்டட்டின் இருக்கை தேய்ந்து, அங்கே மட்டுமே நன்றாகத் தெரிகிற ஆட்டம். வால்வைக் கழற்றி, ரிப்பேர் கிட் போட்டு மாட்டினேன். பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த வால்வை பேலன்ஸ் செய்தாக வேண்டும். சிலிண்டர் ராடை ஃப்ரேமிலிருந்து கழற்றிவிட்டு இன்ஜினை ஓட விட வேண்டும். வால்வின் முனையில் மூடிக்கு அடியில் இருக்கும் நட்டை ஒரு பக்கம் திருப்பினால் ராட் தானாக வெளியே வரும், மறுபக்கம் திருப்பினால் உள்ளே போகும். இரண்டுக்கும் நடுவில் நட்டை நிறுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும், அலைன்மென்ட் கடையில் எத்தனை முறை காட்டினாலும் சரியாகாது. ராட் திடீரென்று பாயும் என்பதால் கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டி. மேல்மூடியில் ஒரு திருகும் லாக் நட்டும் கண்ணில் படும்படி இருப்பதால் ப்ளே என்றதும் எல்லோரும் அதைத்தான் இறுக்குவார்கள். முந்தைய உரிமையாளரும் அதைச் செய்திருந்தார். விளைவு, திருப்பி முடித்தபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வராது, நடுவில் ஒரு இறுக்கம். ப்ளே மட்டும் அப்படியே. முறை என்னவென்றால், பிட்மன் ஆர்மைக் கழற்றிவிட்டு, முதலில் பெட்டிக்குள் சுழலும் வார்ம் தண்டின் பேரிங் இறுக்கம், பிறகு ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து அந்த மேல்மூடித் திருகு (செக்டர் திருகு). இரண்டையும் ஸ்டீயரிங் விளிம்பில் ஸ்பிரிங் தராசு மாட்டி அளக்க வேண்டும். இணைப்பு கழன்றிருக்கும்போது ஸ்டீயரிங்கைக் கடைசிவரை வேகமாகச் சுற்றி முட்டவிடக் கூடாது. உள்ளே குண்டுகளின் வழிகாட்டி சேதமாகும். என் பெட்டியில் இறுக்கியதைத் தளர்த்தி சரியான அளவில் வைத்ததுதான் மொத்த வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி கொஞ்சம் அலைந்தது. பின்பக்கம் பார்க்கத் தோன்றியது ஒரு சின்ன அறிகுறியால். ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் விட்டால் மூக்கு ஒரு பக்கம் திரும்பியது, மிதித்தால் மறுபக்கம். முன்பக்கம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதைத் தீர்க்காது. இந்த வண்டியில் பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன்; ஹாஃப் ஷாஃப்ட்டே மேல் ஆர்ம் வேலையையும் செய்கிறது. கீழே சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்ட்ரட் ராடின் புஷ் தளர்ந்தாலோ, சக்கரத்தை முன்பின்னாகப் பிடிக்கும் ட்ரெயிலிங் ஆர்மின் புஷ் போனாலோ, டிஃபரன்ஷியலில் ஹாஃப் ஷாஃப்ட் சேரும் யோக் முனை தேய்ந்தாலோ பின்சக்கரமே தன் இஷ்டத்துக்கு வளையும். ஓட்டுபவருக்கு அது ஸ்டீயரிங் லூஸ் போலத்தான் தெரியும். எனக்கு ஸ்ட்ரட் ராட் புஷ்கள் நைந்திருந்தன. மாற்றி, நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் செய்தபின்தான் வண்டி நிதானமானது. பின்பக்க டோ அளவை (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) ட்ரெயிலிங் ஆர்ம் பக்கத்தில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து மாற்ற வேண்டும். அந்தப் போல்ட் துருவேறியிருந்தால் அறுத்துத்தான் எடுக்க முடியும் என்பதால் சில கடைகள் முன்பக்கத்தோடு முடித்துக்கொள்ளும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காஸ்டரை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை) மட்டும் தொழிற்சாலை அளவைவிடக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். இன்றைய ரேடியல் டயருக்கு அது ஒத்துப்போகிறது, நேராகப் போகும் குணமும் கூடுகிறது.

சில வருட ஓட்டத்துக்குப் பிறகு குறை இல்லாமல் இல்லை. வால்வில் லேசாக ஆயில் வியர்க்கிறது, துடைத்துவிட்டு ஓட்டுகிறேன். ஸ்ட்ரட் ராடுக்கு பாலியூரித்தேன் புஷ் போட்டதால் மேடு பள்ளத்தில் கிறீச்சிடும். அடுத்த முறை ரப்பர்தான். இந்தப் பெட்டி அமைப்புக்குப் பதிலாக ரேக் அண்ட் பினியன் கிட் மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தேய்ந்த பின்பக்கத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் காசுதான் போகும். ஆகஸ்டில் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தில் ஊர்ந்து போகும்போது ஸ்டீயரிங் கனமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஹைவேயில் நடுவில் ஒரு அங்குலத்துக்கும் குறைவான ப்ளேதான் மிச்சம். அதிலும் ஒரு பகுதி, ஸ்டீயரிங்கைச் சாய்த்து வைக்க உதவும் டில்ட் காலம் (ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் குழாய்) உள்ளே தளர்ந்த திருகுகளால் வருவது. ஸ்டீயரிங்கை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால் தெரிகிறது. இந்தக் குளிர்காலத்தில் அந்த டில்ட் குழாயைப் பிரிக்கப் போகிறேன்.