“ஹார்டு டிஸ்க் போயிருச்சு ஆச்சி”ன்னு சொன்னா உடனே பணத்தை எடுக்காதீங்க

ரூ.11,400. நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, எங்கேயோ ஓடித் தேய்ந்த ஒன்றைப் புதுசு என்று என் தலையில் கட்டி, ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் என்னிடம் கறந்த தொகை. கடை காரைக்குடியில். புகார் எழுதிக்கொண்டிருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், போடவில்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் சிசிடிவி கேமரா மாட்டித்தரப்படும் என்ற பலகை. அந்தப் பலகையை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

எங்கள் வீடு பள்ளத்தூரில். இரண்டாங்கட்டு அறையில் ஒரு பெட்டகம் நிறைய ஐயா காலத்துக் கணக்குப் புத்தகங்கள்: பேரேடு, ஐந்தொகை, வட்டிச்சிட்டை. பெரும்பாலும் 1930களில் ரங்கூன் பெட்டியடியில், அதாவது அங்கிருந்த வட்டிக்கடையில், எழுதியவை. பூச்சி அரிப்பதற்குள் ஸ்கேன் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மை மங்கி, மாகாணியா (1/16) அரைக்காலா (1/8) என்று கண்ணுக்கே தெரியாத இடங்கள் இருப்பதால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), சுருக்காத டிஃப் படக் கோப்பாக, கலரில் எடுத்தேன். ஏ4 அளவுப் பக்கம் ஒன்று அப்படி எடுத்தால் 100 எம்பியைத் தாண்டும். அண்ணன் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன், “அயித்தை, இவ்வளவு வேலை செய்றீங்க, பேக்கப் இல்லாம இருக்கக் கூடாது” என்று விண்டோஸில் கோப்புகளின் பழைய பிரதிகளைத் தானாகச் சேர்த்துவைக்கும் ஃபைல் ஹிஸ்டரி என்பதை ஆன் செய்து, உள்ளே இருந்த 1 டிபி டிஸ்கில், டி டிரைவில், சேரும்படி வைத்துவிட்டுப் போனான். எத்தனை நாள் பிரதியை வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தை அவனும் தொடவில்லை. அதற்கு அவனைத் தனியாக வாங்கிவிட்டேன்.

போன மாதம் டி டிரைவ் முழுக்கச் சிவப்புக் கோடு. இடம் இல்லை என்று செய்தி. சத்தம் இல்லை, நின்று நின்று ஓடவில்லை, ஒரு கோப்பும் திறக்காமல் போகவில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். சிபியூவைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் போனோம்.

கடைக்காரர் உடனே வேலையில் இறங்கவில்லை. நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, “எந்தக் கோயில் ஆச்சி நீங்க?” என்றார். இளையாத்தங்குடி என்றேன். நகரத்தார் நாங்கள் கோயிலை வைத்துத்தான் எந்தப் பிரிவு என்று சொல்வோம். திரையில் பேரேட்டுப் பக்கம் ஒன்று திறந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க தாத்தாவும் செட்டியார் பெட்டியில கணக்கு எழுதினவருதான் ஆச்சி, இதே எழுத்துதான், எங்க வீட்ல ஒண்ணு கூட வைக்காம பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டாங்க” என்றார். குரலே இறங்கிவிட்டது. பெட்டியில் கணக்கு எழுதியவர் பேரன் என்றால் நம் வீட்டு ஆள் மாதிரி. அந்த இடத்தில் நான் விழுந்தேன். அந்தத் தாத்தா உண்மையா, கடைக்கு வருகிற எல்லா ஆச்சிமாருக்கும் எடுத்துவிடுகிற தாத்தாவா என்று இப்போது யோசிக்கிறேன்.

பிறகுதான் வைத்தியம். டி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து அளவைக் காட்டினார். “1 டிபி டிஸ்க்தானே வாங்கினீங்க? பாருங்க, 931 ஜிபிதான் காட்டுது. மீதி 69 ஜிபி செத்துப்போச்சு. பேட் செக்டர். இது பரவும் ஆச்சி. இன்னும் ஒரு மாசம் விட்டா ஐயா கணக்கு மொத்தமும் போயிரும்.”

எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த 1 டிபி டிஸ்கும், பெட்டி பிரித்த அன்றைக்கே, விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. ஒரு ஜிபியும் சாகவில்லை. எனக்கு விற்ற 2 டிபி டிஸ்கும் 1.81 டிபி என்றுதான் காட்டியது. அதைக் கேட்டபோது அதே மனிதர், “புதுசுல அப்படித்தான் ஆச்சி காட்டும்” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கணக்கு இது: 2 டிபி டிஸ்க் 6,500. டேட்டா ரெக்கவரி 3,000. சர்வீஸ், ஒரு வருட கவனிப்பு என்று 1,900. மொத்தம் 11,400. பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் மேல வரும், சிஸ்டம் வேற டவுனு, வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன்” என்று ஒரு துண்டுச்சீட்டில் பேனாவால் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார். பணம் ஜிபேயில் போனது. பில் இன்றுவரை வரவில்லை. பழைய டிஸ்கைக் கேட்டதற்கு, “அதுல இன்னும் ஏதாச்சும் எடுக்க முடியுமான்னு பாத்துட்டு தர்றேன்” என்றார். ரெக்கவரிக்கு 3,000 வாங்கியாயிற்று, இன்னும் என்ன எடுப்பது?

வெளுத்தது போன வாரம். ஒரு ஐந்தொகைப் பக்கத்தில் ஓரத்தை வெட்டிச் சேமித்திருந்தேன். அந்த ஓரத்தில் இருந்த கையெழுத்து வேண்டியிருந்தது. மூலத்தை ஏற்கெனவே பங்காளி வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அவர்கள் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சரி, பழைய பிரதி பேக்கப்பில் இருக்குமே என்று ரிஸ்டோர் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸை அமுக்கினால் வெறுமை. அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். தூரத்தில் இருந்தே என் கம்ப்யூட்டரைப் பார்க்க உதவும் எனிடெஸ்க்கில் உள்ளே வந்து பார்த்தவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

என் படங்கள், கடிதங்கள் எல்லா ஃபோல்டரும் புது டிஸ்கில் இருக்கின்றன. ஃபைல்ஹிஸ்டரி என்ற ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் இல்லை. டிஸ்கை நிரப்பியதே அதுதான். ஒரு பக்கத்தைத் திருப்பிச் சேமித்தால் 100 எம்பி, ஓரம் வெட்டிச் சேமித்தால் இன்னொரு 100 எம்பி. மாறிய துளியை மட்டும் எடுக்காது, கோப்பை முழுதாக எடுக்கும். மணிக்கு ஒரு தடவை பார்க்கும், எதையும் தானாக அழிக்காது. அதன் இயல்பான ஏற்பாடு ‘ஃபாரெவர்’, என்றைக்கும் வைத்திரு என்பது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் தேதியும் நேரமும் யுடிசி (உலகப் பொது நேரம்) என்ற எழுத்தும் ஒட்டியிருக்கும். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். ஒரே பக்கம் அப்படி வரிசையாக நிற்கும். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவருக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் புரியும்.

புரிந்திருக்கிறது. அதுதான் என் வயிறு எரிகிறது. தெரியாமல் டிஸ்க் போச்சு என்று சொல்லியிருந்தால் அரைகுறை என்று விட்டிருப்பேன். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைக் காப்பி செய்திருக்கிறார் என்றால், எது இடத்தைத் தின்றது என்று தெரிந்துகொண்டேதான் ரூ.11,400 வாங்கியிருக்கிறார்.

இன்னும் இருக்கிறது. டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அண்ணன் மகன் காட்டினான். பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் ஓடிய மணி நேரம், என்ற வரியில் 19,000க்கு மேல். நிறுத்தாமல் ஓடினாலும் இரண்டு வருடத்தைத் தாண்டும் ஓட்டம். என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ‘புது’ டிஸ்க்! சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் வாரண்டி முடிந்துவிட்டது என்று வருகிறது. இரவு பகலாக ஓடுகிற கேமரா ரெக்கார்டரில் இருந்து கழற்றியதாக இருக்கும் என்பது அவன் ஊகம். வாசல் பலகை நினைவிருக்கிறதா?

போன் செய்தேன். “ஓனர் மதுரைக்குப் போயிருக்காரு.” மறுபடி செய்தேன், இன்னும் மதுரையிலேயே இருந்தார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் மதுரைக்குப் போனவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்! “அந்த சாஃப்ட்வேரெல்லாம் தப்புத் தப்பா காட்டும் ஆச்சி.” சரி, பேக்கப் ஃபோல்டர் எங்கே? “அது குப்பை, உங்களுக்கு இடம் மிச்சமாகட்டும்னுதான் விட்டேன்.” அந்தக் குப்பையை எடுத்தாலே இடம் கிடைத்திருக்குமே, டிஸ்க் எதற்கு? பதில் இல்லை. என் பழைய டிஸ்க்? “ஸ்க்ராப்புக்குப் போட்டாச்சே.” கடைசியில், “அடுத்த சர்வீஸ்ல ஆயிரம் குறைச்சுக்கிறேன், மனசுல வச்சுக்காதீங்க.” ஆயிரம்! போனது ரூ.11,400. அந்த டிஸ்கில் எங்கள் வீட்டுப் பத்திர நகலும் பாஸ்புக் ஸ்கேனும் இருந்தன. அதற்கு என்ன குறைப்பார்? இந்தத் தடவை மோரும் இல்லை, கோயிலும் விசாரிக்கவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றுதான் தொடங்கினேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவ் சிவந்தால் முதலில் ஃபைல்ஹிஸ்டரி ஃபோல்டரின் அளவைப் பாருங்கள். கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி, அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் கிளீன் அப் வெர்ஷன்ஸ். ஒரு வருடத்துக்கு முந்தியதை அழி என்று கொடுக்கலாம். ‘ஆல் பட் த லேட்டஸ்ட் ஒன்’ என்பதைத் தொட்டால் கடைசிப் பிரதி தவிர எல்லாம் போய்விடும், யோசித்துத் தொடுங்கள். அங்கேயே ‘ஃபாரெவர்’ என்பதை ‘அன்டில் ஸ்பேஸ் இஸ் நீடட்’ என்று மாற்றினால் இடம் குறையும்போது பழையதை அதுவே கழிக்கும். விண்டோஸ் தன் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துவைக்கும் ரீஸ்டோர் பாயின்ட்டும் இடம் பிடிக்கும், சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனில் அளவைக் குறைக்கலாம். எதற்கும் காசு கிடையாது. பழைய டிஸ்கைக் கையில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். புதுசு என்றால் கடையிலேயே ஓடிய மணி நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசியாயிற்று. சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது, ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. துண்டுச்சீட்டும் ஜிபே பதிவும் இருக்கின்றன.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாராவது சமீபத்தில் பழைய 1 டிபி டிஸ்க் வாங்கி, அதில் பேரேட்டுப் பக்கங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து அழிக்க வேண்டாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிஸ்குக்குக் கொடுத்த காசை நான் தந்துவிடுகிறேன்.