இரும்பு வோக் என்று சொல்லி அலுமினியத்தை அனுப்பிவிட்டார்கள். 3,850 ரூபாய் போச்சு

அந்தச் சட்டியை விற்றவன் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஈரோடு. காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பேரில் உள்ள சிக்கனை நான் வீட்டில் செய்தால் வறுபடாது, தண்ணீர் விட்டு வெந்துதான் போகும். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு எல்லாம் முறையாகத்தான் போடுகிறேன். சட்டி சரியில்லை என்று தோன்றியது. குழிவான வோக் வாங்குவதா, தட்டையான ஃப்ரை பேன் வாங்குவதா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

போட்டோ போட்டுப் பாத்திரம் விற்கும் ஒரு ஆன்லைன் பக்கத்தில் நம்பர் கிடைத்தது. கூப்பிட்டேன். "ஈரோடுங்களாக்கா? நான் பெருந்துறைப் பக்கந்தானுங்க" என்றான். அதற்காக மட்டும் நம்பிவிடவில்லை. "வீட்டுல கேஸுங்களா, இண்டக்‌ஷனுங்களா?" என்று அவனே கேட்டான். இரண்டும் இருக்கிறது என்றேன். "அப்ப உருண்டை அடி வேண்டாங்க்கா. பாஸ்ட் புட் கடையில தீ சட்டியச் சுத்தி எரியும், வீட்டு அடுப்புல அடி மட்டுந்தான் காயும். தட்டை அடி வெச்ச கார்பன் ஸ்டீல் வோக் எடுங்க, ரெண்டுக்கும் ஆகும்." சொன்னது அத்தனையும் உண்மை. அங்கேதான் ஏமாந்தேன். இவ்வளவு விவரம் தெரிந்தவன் பொய்ப் பொருளை விற்பானா என்று நினைத்து 3,850 ரூபாயையும் முன்கூட்டியே போனில் அனுப்பிவிட்டேன்.

வந்த சட்டி கையில் எடுத்தால் கனமே இல்லை. இண்டக்‌ஷனில் வைத்தால் அடுப்பு கீச் கீச் என்று கத்தியது, சூடே ஏறவில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கேஸில் வைத்து, அவன் சொன்னபடி முழுத் தீயில் காயவிட்டு, ஒரு கிலோ கறியைப் போட்டுக் கிளறினேன். கொஞ்ச நேரத்தில் தேங்காய்ச் சில்லெல்லாம் கருப்புக் கருப்பாக ஒட்டியிருந்தது. மிளகாய்தான் கருகிவிட்டது என்று பார்த்தால், சட்டியின் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிகிறது. பிள்ளைகள் தட்டு வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு கறியையும் குப்பையில் கொட்டினேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "சீசனிங் பண்ணலீங்களாக்கா, அதனாலதான்" என்றான். புதுச் சட்டியில் எண்ணெய் தடவிக் காயவிட்டுப் பழக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறான். காந்தம் ஒட்டவில்லையே என்று கேட்டால், "இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி, காந்தம் ஒட்டாத கார்பன் ஸ்டீலுங்க" என்றான். கோவை கணபதியில் பவுண்டரி வேலைக்குப் போகும் என் கொழுந்தனார் இதைக் கேட்டு, "கார்பன் ஸ்டீல்னா இரும்புதானுங்க அண்ணி, காந்தம் ஒட்டியே தீரணும்" என்றார். அதையும் சொல்லிப் பார்த்தேன். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றான். எடுக்கவில்லை. அடுத்த நாள் "ஓனர் ஊர்ல இல்லைங்க". அதற்கடுத்த நாள் போனே எடுக்கவில்லை. 3,850 ரூபாய் எங்கள் வீட்டில் நாலு மாத கேஸ் சிலிண்டர் காசு.

வோக்கா, ஃப்ரை பேனா என்று நான் பார்த்ததையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு வரவில்லை. இருக்கிற இரும்பு வடைச்சட்டியிலேயே கறியை ஒரே தடவையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று ஈடாக வறுங்கள், தண்ணீர் விடாது. புதிதாக வாங்குவதென்றால் காந்தத்தைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஒட்டிப் பாருங்கள். பளபளவென்று கருப்புப் பூச்சு அடித்ததை முழுத் தீயில் வைக்காதீர்கள். பார்சலில் வந்தால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நான் நாலு நாள் அவன் பேச்சைக் கேட்டுக் காத்திருந்துவிட்டு இன்றைக்குத்தான் கூப்பிட்டேன்.

வீட்டுக்காரர் போனில் அந்தப் பக்கத்தை இப்போது பார்த்தேன். அதே சட்டி, அதே 3,850 ரூபாய். கீழே யாரோ ஒரு அம்மா "இண்டக்‌ஷனுக்கு ஆகுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.