ஏழு வருஷமா வாட்டர் சாஃப்ட்னர் யூஸ் பண்றேன், தண்ணி வருதேன்னு விட்டுடாதீங்க

எங்க வீட்டுல வாட்டர் சாஃப்ட்னர் (கடினத்தண்ணிய மென்மையாக்கற மெஷின்) மாட்டி ஏழு வருஷம் முடிஞ்சு எட்டாவது ஓடுது. மாட்டின புதுசுல எல்லாரும் சொல்ற அதே சந்தோஷம்தான் எங்களுக்கும், சோப்பு நுரைக்குது, முடி சிக்கு விழல, பாத்ரூம் டேப்புல வெள்ளை வெள்ளையா பூக்கறது நின்னுச்சு, கீஸர் கடகடன்னு சத்தம் போடாம சுடுது. அதப் பத்தி எழுத ஆள் நிறைய இருக்காங்க. நான் எழுத வந்தது அதுக்கப்புறம் வந்த வருஷங்களப் பத்தி, ஏன்னா இந்த மெஷின் கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னு நம்மகிட்ட சொல்லாது. மோட்டார் போனா தண்ணி நிக்கும், பல்பு போனா இருட்டாகும், இது போனா தண்ணி வழக்கம்போல வந்துட்டே இருக்கும், டிஸ்ப்ளேல நம்பர் ஓடிட்டே இருக்கும், உள்ள வேலை மட்டும் நடக்காது.

மொதல்ல என்ன செட்டப்புன்னு சொல்லிடறேன். போர்வெல் தண்ணி, ஹார்ட்னஸ், அதாவது கடினத்தன்மை, லிட்டருக்கு 450 மில்லிகிராம். 180 தாண்டினாலே ரொம்ப கடினமான தண்ணின்னு கணக்கு, அப்போ எங்களோடது எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க. ஒத்தை டேங்க், உள்ள 25 லிட்டர் ரெசின், மேல ஆட்டோமேட்டிக் வால்வு, எவ்ளோ தண்ணி ஓடிச்சுன்னு அதுவே அளக்கும், பக்கத்துல உப்பு போடற தொட்டி. வீட்டுல நாலு பேரு.

ரெசின்னா குறுமணல் மாதிரி சின்னச்சின்ன பிளாஸ்டிக் மணி. தண்ணியில இருக்கற கால்சியம், மெக்னீசியத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியத்த விடும். புடிக்கறதுக்கு ஒரு அளவு இருக்குல்ல, அது நிறைஞ்சதும் உப்புத்தண்ணியால கழுவி விட்டாத்தான் மறுபடி புடிக்கும், இதுதான் ரீஜெனரேஷன். எங்க மெஷினுக்கு ஒரு தடவைக்கு ரெண்டரை கிலோ உப்பு, அதுல ஏறக்குறைய 1100 கிராம் அளவுக்கு கடினத்தன்மைய ரெசின் வாங்கிக்கும், 450 ஹார்ட்னஸுக்கு அது 2400, 2500 லிட்டர் வரைக்கும் தாங்கும், கொஞ்சம் முன்ஜாக்கிரதையா 2000 லிட்டருக்கு செட் பண்ணி வச்சிருக்கோம். நாலு நாளைக்கு ஒரு தடவ கழுவிக்கும். அப்படிப் பாத்தா மாசத்துக்கு 18ல இருந்து 20 கிலோ உப்பு செலவாகணும். இந்த கணக்க எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, இந்த ஒரு நம்பர் தெரியாம இருந்ததுதான் எனக்கு ரெண்டாவது வருஷம் வந்த பெரிய தலைவலிக்கு காரணம்.

அப்போ அம்மாதான் மொதல்ல சொன்னாங்க, "ஏம்ப்பா, தண்ணி பழையபடி ஆயிடுச்சா, தலைக்கு எவ்ளோ தேச்சாலும் நுரையே கட்டல"ன்னு. நான் போய் பாத்தேன், வால்வுல லைட் எரியுது, உப்பு தொட்டிய தொறந்தா முக்கால்வாசி உப்பு இருக்கு. உப்பும் இருக்கு மெஷினும் ஓடுது, அப்புறம் என்னம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு மாசத்துக்கும் மேல போச்சு. ஷவர்ல தண்ணி பக்கவாட்டுல பீச்ச ஆரம்பிச்சுது, கண்ணாடி டம்ளர் எல்லாம் காஞ்சதும் புகை படிஞ்ச மாதிரி ஆச்சு. அப்புறம்தான் சர்வீஸுக்கு ஆள் வந்தாரு. வந்தவரு மெஷின தொடவே இல்ல, நேரா உப்பு தொட்டி மூடிய தொறந்து பாத்துட்டு கேட்டாரு, "சார், கடைசியா எப்போ உப்பு போட்டீங்க?" யோசிச்சுப் பாத்தா ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு மாசமா உப்பு குறையவே இல்ல, அத நான் நல்ல விஷயம்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன்.

ஒரு தொடப்பக்கட்டையோட மரக்கம்ப எடுத்து உப்பு மேல மெதுவா தட்டினாரு. டொக் டொக்குன்னு பலகைல தட்டற மாதிரி சத்தம். நாலஞ்சு இடத்துல தட்டி கொஞ்சம் அழுத்தினதும் மேல இருந்த உப்பு மொத்தமா ஓடு மாதிரி விரிஞ்சு உடைஞ்சு உள்ள விழுந்துச்சு, நாலு விரக்கடை தடிமன் இருக்கும், அதுக்குக் கீழ வெறும் இடம், அதுக்கும் கீழ தண்ணி. அதாவது உப்பு பாலம் மாதிரி தொட்டியோட சுவத்துல இறுகி ஒட்டிக்கிட்டு அந்தரத்துல நிக்குது, கீழ இருக்கற தண்ணி உப்ப தொடவே இல்ல, மெஷின் பாட்டுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவ அந்த வெறுந்தண்ணிய உறிஞ்சி ரெசின கழுவிக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு மாசம். இதுக்கு பேரே சால்ட் பிரிட்ஜ்தான். காத்துல ஈரம் அதிகமா இருந்தாலோ, தூள் உப்பு போட்டாலோ, தொட்டிய விளிம்பு வரைக்கும் நிரப்பினாலோ இப்படி ஆகும்னு சொன்னாரு, நான் மூணுமே பண்ணியிருந்தேன்.

அதுல இருந்து தொட்டி மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பறது இல்ல, சாஃப்ட்னருக்குன்னு வர்ற மாத்திரை உப்புதான் போடறேன், வாரம் ஒரு தடவ கம்பால உள்ள குத்திப் பாக்கறேன் (மரக்கம்புதான், கடப்பாறை மாதிரி எதாவது வச்சு இடிச்சீங்கன்னா தொட்டியும் உள்ள இருக்கற மிதவையும் போயிடும்). மூடிக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டி உப்பு போட்ட தேதியும் எத்தன கிலோன்னும் எழுதறேன். மாசம் 20 கிலோ போக வேண்டிய எடத்துல அஞ்சு கிலோதான் போச்சுன்னா மெஷின்ல ஏதோ இருக்குன்னு அர்த்தம். உப்பு சீக்கிரம் தீர்ந்துடுச்சேன்னு கவலப்படறவங்கதான் அதிகம், தீராம இருந்தாத்தாங்க கவலப்படணும்.

இன்னொண்ணு, டிடிஎஸ் மீட்டர வச்சு சாஃப்ட்னர செக் பண்ணாதீங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் சாஃப்ட்னருக்கு முன்னாடி தண்ணிய எடுத்து மீட்டர விட்டாரு, பின்னாடி எடுத்தும் விட்டாரு, ரெண்டும் ஒரே நம்பர் காட்டினதும் ஏமாத்திட்டாங்கன்னு ஒரே கோபம். அது அப்படித்தான் காட்டும், ஏன்னா கால்சியம் போன எடத்துல சோடியம் வந்து உக்காந்துடுது, கரைஞ்சிருக்கற மொத்த அளவு பெருசா மாறாது. நாம பேச்சுல எல்லாத்தயும் உப்புத்தண்ணின்னு ஒரே வார்த்தைல சொல்லிடறோம், அதுலதான் இந்த குழப்பமே வருது. வாயில வச்சா கரிக்கற உப்பு வேற, பாத்திரத்துல படியற உப்பு வேற, சாஃப்ட்னர் ரெண்டாவதுக்கு மட்டும்தான். அத பாக்க ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட்டுன்னு சின்ன பாட்டிலா வரும், கொஞ்சம் தண்ணியில கலர் சொட்டு விட்டா ஒயின் கலர்ல செவப்பாகும், ரெண்டாவது பாட்டில்ல இருந்து ஒவ்வொரு சொட்டா விட்டு எண்ணிட்டே வரணும், எப்போ சுத்தமா நீலமா மாறுதோ அதுதான் கணக்கு. நல்லா வேலை செய்யற சாஃப்ட்னர் தண்ணியில மொத கலர் விடும்போதே நீலமா வந்துடும் இல்ல ஒண்ணு ரெண்டு சொட்டுல மாறிடும். மாசம் ஒரு தடவ ரீஜெனரேஷன் ஆகறதுக்கு முந்தின நாள் இத பண்றேன், அன்னைக்குத்தான் ரெசின் களைச்சுப்போய் இருக்கும், கழுவின மறுநாள் டெஸ்ட் பண்ணா எல்லா மெஷினும் பாஸ்தான்.

நாலாவது வருஷம் இரும்பு பிரச்சன. எங்க போர்வெல் தண்ணி புடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவாத்தான் இருக்கும், ஒரு ராத்திரி பக்கெட்ல வச்சா காலையில லேசா மஞ்சளா அடியில துரு மாதிரி படிஞ்சிருக்கும். தண்ணியில கரைஞ்ச இரும்பு காத்து பட்டதும் துருவா மாறுது. கரைஞ்ச இரும்பையும் ரெசின் புடிச்சுக்கும், ஆனா கால்சியம் மாதிரி உப்புத்தண்ணிக்கு அவ்ளோ ஈஸியா விட்டுக் குடுக்காது, மணி மேல துருவா ஒட்டிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா மூடிடும். 2000 லிட்டர் தாங்கின மெஷின் 1200லயே டெஸ்ட்ல தோத்துச்சு, உப்பு செலவு சரியாத்தான் இருந்துச்சு, அதனால இது பிரிட்ஜ் இல்லன்னு மட்டும் எனக்கு புரிஞ்சுது. ரெசின் கிளீனர்னு தனியா கெமிக்கல் வருது, அத உப்பு தொட்டியில போட்டு கையாலயே ரீஜெனரேஷன் ஓட்டினோம், வால்வுல இருந்து டிரெயினுக்கு போற தண்ணி செம்மண் கலர்ல வந்துச்சு, ரெண்டு மூணு தடவ பண்ணதும் 1800 கிட்ட வந்து நின்னுச்சு. முழுசா திரும்ப வரல. முன்னாடியே பண்ணியிருந்தா வந்திருக்கும்னு சொன்னாங்க, இப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவ தவறாம பண்றேன். குழாய்ல குளோரின் கலந்த தண்ணி வர்றவங்களுக்கு இந்த பிரச்சன பெரும்பாலும் இருக்காது, ஆனா குளோரின் ரெசின் மணிய மெல்ல மெல்ல ஊதி பொதபொதன்னு ஆக்கிடும், ப்ரஷர் குறையும், அவங்க முன்னாடி ஒரு கார்பன் ஃபில்டர் வைக்கறது நல்லது. எங்களுக்கு முன்னாடி இருக்கறது மண்ணு தூசி புடிக்கற ஃபில்டர்தான், மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்தறேன், அதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

அஞ்சாவது வருஷம் உப்பு தொட்டியில தண்ணி மட்டம் ஏறிட்டே வந்துச்சு. இதுவும் உப்பு குறையாத கேஸ்தான், ஆனா காரணம் வேற. வால்வுக்குள்ள இன்ஜெக்டர்னு ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கு, ஊசிக்காது அளவு ஓட்டை, அதுல தண்ணி வேகமா பாயும்போது உண்டாகற இழுப்புலதான் உப்புத்தண்ணி தொட்டியில இருந்து மேல வருது, இதுக்குன்னு தனி பம்ப் எல்லாம் கிடையாது. அந்த ஓட்டையில ஒரு துளி சேறு அடைச்சா போதும், உறிஞ்சாது, ஆனா கடைசியில தொட்டிய நிரப்பற வேலைய மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா பண்ணும், அதான் தண்ணி ஏறுது. மிதவை மட்டும் ஒழுங்கா இல்லன்னா தரையெல்லாம் தண்ணி ஆயிருக்கும். இத நானே பண்ணேன். பைபாஸ்ல போட்டு (தண்ணி மெஷினுக்குள்ள போகாம நேரா வீட்டுக்குப் போற மாதிரி), உள்ள இருக்கற ப்ரஷர எறக்கிட்டு, ரெண்டு ஸ்க்ரூ கழட்டி, இன்ஜெக்டர வினிகர்ல ஊறவச்சு பழைய டூத்பிரஷ்ல தேச்சு மாட்டினேன், இருவது நிமிஷ வேலை. ஊசி, கம்பி எதையும் உள்ள விட்டுடாதீங்க, ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் இழுக்கற சக்தி மாறிடும். ரப்பர் வாஷருக்கு சிலிக்கான் கிரீஸ்தான் தடவணும், பெட்ரோலியம் ஜெல்லி தடவினா ரப்பர் உப்பிப் போயிடும்.

கரண்ட் போனா வால்வோட கடிகாரத்தயும் பாருங்க. எங்களுது ராத்திரி ரெண்டு மணிக்கு செட் பண்ணது, ஒரு தடவ நேரம் மாறிப்போய் சாயங்காலம் எல்லாரும் குளிக்கற நேரத்துல ஓடிட்டு இருந்துச்சு. ஒத்தை டேங்க் மெஷின் கழுவற நேரத்துல கடினத்தண்ணியத்தான் நேரா வீட்டுக்குள்ள விடும், அது ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும், அந்த தண்ணிதான் கீஸர்லயும் போய் நிறையும். அதே மாதிரி சர்வீஸ் முடிஞ்சதும் பைபாஸ் லீவர திரும்பிப் பாருங்க, எங்க வீட்டுல ஒரு தடவ வந்த ஆள் அத பழையபடி திருப்பாமலே போயிட்டாரு, நாங்க கண்டுபிடிக்க பத்து நாள் ஆச்சு.

சோடியம் விஷயமும் சொல்லணும், நிறைய பேர் சொல்றதில்ல. 100 மில்லிகிராம் ஹார்ட்னஸ எடுத்தா 46 மில்லிகிராம் சோடியம் சேரும். எங்க 450க்கு லிட்டருக்கு 207 மில்லிகிராம் ஆகுது, 200 தாண்டினா நாக்குலயே தெரியலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அம்மாவுக்கு பிபி இருக்கறதால குடிக்கற தண்ணிக்கு ஆர்ஓ வழியா வர்ற லைன், செடிக்கு சாஃப்ட்னருக்கு முன்னாடி இருந்தே ஒரு டேப். சாஃப்ட்னர் தண்ணிய செடிக்கு ஊத்தி மண்ண கெடுத்துடாதீங்க.

வருஷத்துக்கு ஒரு தடவ உப்பு தொட்டிய முழுசா காலி பண்ணி கழுவறேன். அடியில கூழ் மாதிரி உப்பும் மண்ணும் சேந்து இறுகிப்போய் கிடக்கும், போன தடவ அர பக்கெட் எடுத்தேன், அவ்ளோ சுத்தமான உப்பு போட்டும். ரெண்டு வாரத்துக்கு மேல வெளியூர் போயிட்டு வந்தா டேப்ப தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு ரீஜெனரேஷன் ஓட்டிடறேன், தேங்கின தண்ணியில ரெசினுக்குள்ள கிருமி வளரும்.

ரெசின் பொதுவா பத்து பதினஞ்சு வருஷம் வரும்னு சொல்வாங்க, இரும்பு இருக்கற தண்ணிக்கு அவ்ளோ எதிர்பாக்க முடியாது. போன மாச டெஸ்ட்ல 1650 லிட்டர் வரைக்கும் நீலம் வந்துச்சு, அதனால செட்டிங்க 1500க்கு கொறச்சுட்டேன், இப்போ மூணு நாளைக்கு ஒரு தடவ கழுவுது, உப்பு மாசம் 25 கிலோ ஆகுது. அது 1200க்கு கீழ போற அன்னைக்கு ரெசின மாத்திடலாம்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அவங்க இப்பல்லாம் டெஸ்ட் கிட்ட எனக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கிட்டு சொட்டு எண்றாங்க.