இயர்பட் போதுமா, காது மெஷின்தான் வேண்டுமா?

காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று தெரிந்தால் இன்றைக்கு இரண்டு வழிகள் கண்ணில் படுகின்றன. பாட்டுக் கேட்க வாங்கும் இயர்பட்டிலேயே பேச்சைத் தூக்கிக் கொடுக்கும் வசதி வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாம். இல்லையென்றால் கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் சோதித்து, காதுக்குப் பின்னால் உட்காரும் கருவியை வாங்கலாம். நான் வாங்கியது இரண்டாவது. மெல்லிய ஒயர் ஒன்று காதுக்குள் இறங்கி, அதன் நுனியில் குட்டி ஸ்பீக்கர் இருக்கும் ஆர்.ஐ.சி. வகை, பேட்டரி மாற்றிப் போடுவது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். இயர்பட் அனுபவம் என்பது, வாங்கும் முன் அக்கா மகனுடையதை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்ததோடு சரி.

இயர்பட்டைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு, மருத்துவச் சீட்டு கேட்காமலே காதுக் கருவி விற்கலாம் என்ற விதி அமெரிக்காவில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 செப்டம்பரில் ஆப்பிளின் இயர்பட்டான ஏர்பாட்ஸ் ப்ரோ 2-இல் ஓடும் மென்பொருளையே காதுக் கருவியாக அதே எஃப்.டி.ஏ. அங்கீகரித்தது. ஐபோனில் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. மெல்லிசான ஒலிகள் வரும், கேட்டால் திரையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கை வைத்து எந்த ஒலியை எவ்வளவு தூக்குவது என்று இயர்பட் தானே முடிவு செய்துகொள்கிறது.

அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசுபவரின் பேச்சு அதில் நன்றாகவே கேட்டது. வயதாகிக் காது போகும்போது பெரும்பாலும் முதலில் கழன்றுகொள்வது உயர் அதிர்வெண், அதாவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். உயிரொலிகள் கீழ் அதிர்வெண்ணில் வலுவாக இருப்பதால் அவை தப்பித்துவிடும். ச, ஸ, த போன்றவற்றின் கூர்மைதான் மழுங்கும். பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. மொத்தச் சத்தத்தையும் ஏற்றினால் இதற்குத் தீர்வு கிடைக்காது, குறைந்த இடத்தில் மட்டும் ஏற்ற வேண்டும். இரண்டும் அதைத்தான் செய்கின்றன.

சின்ன விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். விலையில் இயர்பட் வெகுவாக மலிவு, பேச்சே இல்லை. பாட்டுக்கும் அதுதான், என் கருவியில் பாஸ் எனப்படும் கனத்த ஒலி என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. போன் அழைப்பு ப்ளூடூத்தில் இரண்டிலும் வருகிறது. பார்வைக்கு ஆர்.ஐ.சி. முடிக்குள் ஒளிந்துகொள்ளும். இயர்பட் போட்டால் எதிரே இருப்பவர், ‘இவர் பாட்டுக் கேட்கிறார்’ என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிடுகிறார். இது வேடிக்கையான தொந்தரவு, ஆனால் தொந்தரவுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. காதுக் கருவி என்பது காலையில் எழுந்ததும் மூக்குக் கண்ணாடி மாட்டுவதுபோல மாட்டி, படுக்கும்போது கழற்ற வேண்டிய பொருள். வேண்டும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் மூளைக்கு அந்தப் புது ஒலி பழகவே பழகாது. தட்டு சத்தம், காகிதம் கசங்கும் சத்தம் எல்லாம் ஆரம்பத்தில் எரிச்சலாக இருப்பது, நாள் முழுக்கப் போட்டிருந்தால்தான் அடங்குகிறது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, எது நாள் முழுக்க, வருடக்கணக்கில் ஓடும் என்பதுதான்.

ஏர்பாட்ஸ் ப்ரோ 2 ஒரு சார்ஜில் சுமார் 6 மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது. அடுத்த தலைமுறையான ப்ரோ 3-க்கு, காதுக் கருவியாகப் பயன்படுத்தினால் 10 மணி நேரம் வரை என்கிறார்கள். முன்னேற்றம்தான். ஆனாலும் மதியமோ சாயங்காலமோ சார்ஜ் ஏற டப்பாவில் போட்டு வைக்கும் நேரத்தில் காது பழையபடி ஆகிவிடும். வீட்டுக்கு விருந்தாளி வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி. திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்ற ஏற்ற அதன் திறன் குறையும். வீட்டில் பிரித்து மாற்ற வழியில்லை, ஒட்டி மூடிய பொருள். தினமும் சில மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியாது. காலை முதல் இரவு வரை உழைக்க விட்டால் சீக்கிரமே தெரியும்.

என் கருவியில் 312 என்ற அளவுள்ள பேட்டரி, பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டியது. துத்தநாகம் காற்றோடு சேர்ந்து மின்சாரம் தரும் வகை. ஸ்டிக்கரை உரித்ததும் உடனே உள்ளே போடாமல், காற்றுப் பட ஓரிரு நிமிடம் மேஜைமேல் வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்த பிறகு திரும்ப ஒட்டி வைத்துச் சேமிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. ஒன்று ஏறக்குறைய ஒரு வாரம் வரும், போனில் நிறையப் பேசினால் அதற்கும் குறையும். தீரப்போகும்போது காதுக்குள் டிங் என்று ஒரு ஒலி. பையிலிருந்து புதுசு எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. சட்டைப் பையில் ஒரு பேட்டரி அட்டை இருந்தால் சார்ஜரும் வேண்டாம், கரன்டும் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் உயரத்தில் வைக்க வேண்டும், விழுங்கிவிட்டால் ஆபத்து. விரல் நடுங்குகிறவர்களுக்கு, பார்வை மங்கியவர்களுக்கு இந்தப் பொடிப் பேட்டரி பெரும்பாடு என்பதும் உண்மை.

அப்புறம் குறும்பி. காதுக்குள் இருக்கும் எந்த ஸ்பீக்கருக்கும் அதுதான் எமன். ஆர்.ஐ.சி.யின் நுனியில் கடுகளவு ஒரு வடிகட்டி இருக்கிறது, வேக்ஸ் கார்டு என்பார்கள். மாற்றுவதற்கு ஒரு குச்சி தருகிறார்கள். ஒரு முனையைக் குத்தி இழுத்தால் அடைத்த வடிகட்டி வந்துவிடும், மறுமுனையில் இருக்கும் புதியதை அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கம் திடீரென்று சத்தம் குறைந்தால் கருவியே போய்விட்டது என்று பதற வேண்டாம், முதலில் இதை மாற்றிப் பாருங்கள். இயர்பட்டில் சிலிக்கோன் முனையை மாற்றலாம். ஒலி வரும் வாயிலில் உள்ள வலை ஒட்டியே வருகிறது. பிரஷ்ஷால் தேய்க்கலாம், இழுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைக்க முடியாது.

இன்னும் ஒன்று. கேட்கும் திறன் இன்றைக்கு இருப்பதுபோலவே நாளைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பல ஆர்.ஐ.சி. மாடல்களில், காது இன்னும் குறைந்தால் அந்த ஒயரையும் ஸ்பீக்கரையும் மட்டும் கழற்றிவிட்டு அதிக சக்தி உள்ளதை மாட்டி, கேட்கும் திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமைப் புதிதாக எடுத்து, அதற்கு ஏற்ப மறுபடி டியூன் செய்கிறார்கள். இயர்பட் நடுத்தரக் குறைபாட்டோடு நின்றுவிடும். அதைத் தாண்டினால் அது பாட்டுக் கேட்க மட்டும்தான்.

சார்ஜ் ஏற்றும் ஆர்.ஐ.சி.யும் இருக்கிறது, இப்போது கடைகளில் முன்னால் காட்டுவது அதைத்தான். நான் பயன்படுத்தியதில்லை. வைத்திருக்கும் நண்பர், இரவு சார்ஜர் டப்பாவில் வைத்தால் மறுநாள் முழுக்க வருகிறது என்கிறார். சில வருடம் போனபின் எப்படி என்று அவருக்கும் இன்னும் தெரியாது. கூட்டமான இடத்தில் எது மேல் என்பதிலும் அடித்துச் சொல்லத் தயங்குகிறேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் என் கருவியும் திணறத்தான் செய்கிறது, இயர்பட்டை அந்த மாதிரி இடத்தில் நான் போட்டுப் பார்க்கவில்லை.

யாருக்கு இயர்பட் சரி என்றால், குறை லேசு, ஐபோன் கையில் இருக்கிறது, மீட்டிங்கிலும் டி.வி. முன்னாலும் மட்டும்தான் தடுமாற்றம் என்பவருக்கு. வாங்கிப் பார்க்கலாம், நஷ்டம் பெரிதில்லை. ஒரு காது மட்டும் மந்தமாகிறது, அல்லது ஓரிரு நாளில் திடீரென்று அடைத்துவிட்டது என்றால் இரண்டையும் வாங்காமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடும் சமாசாரம் இல்லை. மற்றபடி ஆர்.ஐ.சி. வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்த மாடலின் வேக்ஸ் கார்டு எந்த வகை, தனியாக எங்கே கிடைக்கும் என்று கேட்டு ஒரு பாக்கெட் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாடலுடையது இன்னொன்றுக்குப் பல நேரம் பொருந்துவதில்லை.