அக்காவோட ஏஆர்டி சென்டரும் சுகர் டயட்டும்: இந்த தடவை ஊர்ல பாத்தது

இந்த லீவுல பாதி நாள் ஆஸ்பத்திரி அலைச்சலாவே போச்சு, ஆனா போனது நல்லதுக்குதான். அக்காவுக்கு ரொம்ப வருஷமா ஹெச்ஐவி இருக்கு, நம்ம தமிழ்நாட்டு கவர்மெண்ட் ஏஆர்டி சென்டர்லதான், அதாவது ஹெச்ஐவிய அடக்கி வெக்கிற மருந்து குடுக்குற எடத்துலதான், மாத்திரை வாங்குறாங்க, எல்லாம் ஃப்ரீ. 2004 ஏப்ரல்ல இந்தியாவுல இந்த ஃப்ரீ மருந்து திட்டம் ஆரம்பிச்சப்ப முதல்ல தொறந்த 8 சென்டர்ல தாம்பரமும் ஒண்ணு, அப்பலேருந்து எத்தனை குடும்பம் இதால நிமிந்துச்சுன்னு நினைச்சா கையெடுத்து கும்பிடத் தோணுது. அக்காவுக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு, டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு குறைஞ்சிருச்சு, ஆனா இப்ப சுகர் வந்துருச்சு, வெறும் வயித்துலயே 160க்கு மேல.

மொதல்ல ஒரு பிரைவேட் சுகர் கிளினிக் போனோம். அங்க இருந்தவங்க ஃபைல பாத்துட்டு "ஹெச்ஐவி கேஸா?"ன்னு நாலு பேர் முன்னாடி சத்தமா கேட்டாங்க, அக்கா முகம் அப்படியே சுருங்கிருச்சு. ஒருத்தரோட ஹெச்ஐவி விஷயத்த அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017லயே சட்டம் வந்தாச்சு, ரிசப்ஷன்ல உக்காந்திருக்கவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்க வேணாமா? அப்புறம் டாக்டர் ரூம்ல எல்லாருக்கும் குடுக்குற அதே அச்சடிச்ச பேப்பர். சோத்த நிறுத்து, ராத்திரி 2 சப்பாத்தி, எடைய குறை. அக்கா எடையே 44 கிலோ, இதுல எங்க போய் குறைக்க?

ஏஆர்டி சென்டர்ல அன்னைக்கு கூட்டம் ஜாஸ்தி, ரொம்ப நேரம் நின்னோம், உக்கார பெஞ்ச் பத்தல. ஆனா கவுன்சிலர் மேடம் பேப்பர் எதையும் நீட்டல. "காலைல என்னக்கா சாப்ட்டீங்க, எத்தன மணிக்கு, மாத்திரை எப்ப போட்டீங்க?"ன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க.

"ராகி கஞ்சி மேடம், சுகருக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

"கரைச்சு குடிச்சா சீக்கிரம் ஏறிரும்க்கா. அதே மாவுல முருங்கைக்கீரை போட்டு அடை தட்டுங்க, கூட ஒரு முட்டை வெச்சுக்கோங்க."

சோத்த விடவே சொல்லல, தட்டுல பாதி காய், கால்வாசி சோறு, மிச்ச கால்வாசிக்கு பருப்போ மீனோ முட்டையோ, அதுலயும் காயையும் மீனையும் மொதல்ல சாப்ட்டுட்டு சோத்த கடைசில சாப்ட்டா சுகர் சட்டுன்னு ஏறாதாம். ஒல்லியா இருக்கவங்க பட்டினி கிடந்து சுகர குறைச்சா சதைதான் கரையும், அதனால சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் வேணாம், சுண்டலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிடுங்கன்னு சொன்னாங்க, சாப்ட்டதும் கொஞ்சம் நடக்கவும் சொன்னாங்க. இது அக்காவால செய்ய முடியுற விஷயம், அதான் எனக்கு பெருசா பட்டுச்சு.

அங்க இருந்த டாக்டர் சொன்னத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். அக்கா போடுற மாத்திரைல டோலுடெக்ராவிர் இருக்கு, அது மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய ரத்தத்துல தேங்க வெச்சிரும், அதனால மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல போகாம பாத்துக்குவாங்க, கிளினிக்ல அதுக்கு மேல எழுதியிருந்தாங்க! நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி குடிக்கிறதா இருந்தா ஏஆர்டி மாத்திரைய அதுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ 6 மணி நேரம் கழிச்சோ போடணும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைய ஏஆர்டி மாத்திரையோட ஒண்ணா போடுறதா இருந்தா சாப்பாட்டோடதான் போடணும், வெறும் வயித்துல கூடாது. அப்புறம் 3 மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட் ஹெச்ஐவி இருக்கவங்கள்ல சில பேருக்கு உள்ளத விட கம்மியா காட்டும், அத மட்டும் நம்பாம வெறும் வயித்துலயும் சாப்ட்டு 2 மணி நேரம் கழிச்சும் பாக்கணும்னாங்க.

என் ஆதங்கம் ஒண்ணுதான், சுகர் பாக்குறவங்களும் ஏஆர்டி குடுக்குறவங்களும் ஒரே எடத்துல, ஒரே நாள்ல பாத்தா என்ன? நடுவுல அலையுறது நோயாளிதான். அது வர்ற வரைக்கும், சுகர் டாக்டர்கிட்ட போறப்ப எல்லா மாத்திரை டப்பாவையும் கையோட எடுத்துட்டு போங்க, நாட்டு மருந்து ஏதும் சாப்ட்டா அதையும் மறைக்காம சொல்லுங்க, கிளினிக்காரங்க உங்க ஃபைல சத்தமா படிச்சா அங்கயே நிறுத்தச் சொல்லி கேளுங்க. ஹெச்ஐவி பத்தி எது கேக்கணும்னாலும் 1097க்கு அடிங்க, காசு கிடையாது.